டெல்டா கொல்லைக்கு முதலில் வடிகால், அப்புறம்தான் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டம், உணவுக்காடு (காடுபோலப் பல அடுக்காக உணவுப் பயிர்களை வளர்ப்பது), பெர்மாகல்ச்சர் (நிலத்தின் இயல்பைப் பார்த்து வடிவமைக்கும் நிலைத்த வேளாண்மை) என்று நாளிதழ்களின் வேளாண் பக்கங்களில் அண்மைக் காலமாக நிறைய வருகிறது. கொல்லையைச் சிமெண்ட் தளமாக மூடிவிட நினைத்தவர்கள் அதைப் படித்து மண்வெட்டியை எடுக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவற்றில் சொல்லப்படும் வேலைமுறை பெரும்பாலும் வறண்ட நிலத்துக்கானது. சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டு, பெய்த மழையில் ஒரு சொட்டும் வெளியே போகாமல் பிடி, மூன்றடிக் குழி எடு, ஐப்பசி மழையோடு கன்று வை என்பதெல்லாம் தருமபுரிக்கும் சிவகங்கைக்கும் சரி. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பழைய ஆற்றுப் பாசனப் பகுதியிலும் இதை அப்படியே செய்தால், கார்த்திகையில் கன்றுகள் வேர் அழுகி நிற்கும். ஆடி பிறக்கப் போகிற வேளை இது. டெல்டாவின் கொல்லைக்கு எது பொருந்தும் என்பதை அளவுகளோடு சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் சற்று நீள்கிறது; பொறுத்தருள வேண்டும்.

பழைய பாசனப் பகுதியின் மண், காவிரி கொண்டுவந்து சேர்த்த களி வண்டல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்ததும் வெடிப்பு மூடிக்கொண்டு, நீர் உள்ளே இறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதிக்குள் கொட்டித் தீர்க்கிறது. அதே நாட்களில் சுற்றிலும் சம்பா வயல்களில் நீர் கட்டியிருக்கும். கிணற்று நீர் மேலேறி நிற்கும். இந்த நிலத்தில் மூன்றடிக் குழி வெட்டி எருவும் மணலும் கலந்து நிரப்பினால் என்ன ஆகும்? குழிக்குள் இருப்பது பொலபொலப்பான மண், நீர் எளிதாக இறங்கிவிடும். குழியின் சுவரும் அடியும் களி, வெளியேற வழி கிடையாது. பானையில் ஊற்றி வைத்ததுபோல நீர் நிற்கும், வேருக்குக் காற்றுப் போகாது. பப்பாளி இரண்டு நாள் தேங்கினாலே தூரில் அழுகிச் சாய்ந்துவிடும். முருங்கை, எலுமிச்சை, ஒட்டு மா ஆகியவை சில வாரம் தாக்குப்பிடித்து, மழை நின்றபின் தையில் வாடும். அழிவு நேர்ந்தது கார்த்திகையில், கண்ணுக்குத் தெரிவது தையில். அதனால் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றி, மிச்சமிருக்கும் வேரையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு வழியை வெளியில் தேட வேண்டியதில்லை. பாபநாசம் வட்டத்தில் ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் போய்ப் பாருங்கள். 2 மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி, இரண்டு பாத்திக்கு நடுவே 80 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள வடிகால், மேட்டில் வரிசையாக அகத்தி, அகத்தியைப் பற்றி ஏறும் கொடி, பாத்தி ஓரத்தில் வாழை. அகத்தி நிழல் தருகிறது, கொடிக்குக் கம்பமாகிறது, தழை மாட்டுக்கும் மண்ணுக்கும் போகிறது. வாழை நார் கொடியைக் கட்டவும், வாழைச்சருகு வெற்றிலையைச் சிப்பம் கட்டவும் உதவுகின்றன. அடுக்கு முறை என்று இன்று எதைச் சொல்கிறார்களோ அது முழுவதும் நீர் வடியும் மேட்டின் மேல் அமைந்திருக்கிறது. 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் பெர்மாகல்ச்சரை வகுத்தபோது வைத்த அடிப்படையும், அந்தந்த நிலத்தையும் நீரையும் பார்த்து வடிவமைப்பதுதான். நீர் பிடிக்கும் பள்ளம் அவர்கள் நிலத்துக்கு விடை. நம் நிலத்துக்குக் கொடிக்கால் விடை.

30 அடி அகலம், 100 அடி நீளமுள்ள கொல்லையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 7 சென்ட், நம் நில அளவுக் கணக்கில் 21 குழி (ஒரு குழி 144 சதுர அடி). தெருவோர வீடுகளின் பின்புறம் பெரும்பாலும் இப்படித்தான் ஒடுங்கி நீண்டிருக்கும். ஆறரை அடி மேடும் இரண்டரை அடி வடிகாலுமாக வகுத்தால் நீளவாக்கில் மூன்று மேடும் மூன்று வடிகாலும் அடங்கும். மீதி 3 அடி நடக்கும் வழி. வடிகாலை ஒன்றரை அடி ஆழம் வெட்டி, அந்த மண்ணை அடுத்த மேட்டின் மேல் பரப்பினால் மேடு சுமார் 7 அங்குலம் உயரும். வடிகாலின் அடியிலிருந்து பார்த்தால் செடி நிற்கும் மட்டம் 2 அடிக்கு மேல். கீரை, காய்கறி, கொய்யா, எலுமிச்சைக்கு இந்த உயரம் போதும்.

வடிகாலுக்குச் சரிவு 100 அடிக்கு 4 அங்குலம் இருந்தால் நீர் ஓடும், மண்ணையும் அரிக்காது. கண்ணளவில் சரிவு பார்ப்பது இந்தத் தட்டை நிலத்தில் ஏமாற்றும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை) வாங்கி, இரண்டு முளைக்குச்சி அடித்து, 25 அடிக்கு ஒரு முறை மட்டம் குறிக்க வேண்டும். ஒவ்வொரு 25 அடிக்கும் ஓர் அங்குலம் இறக்கம். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தவறும். நீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பிக் குமிழியை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும்.

வடிகால் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் வெட்டத் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொல்லைக்கோடியில் உள்ள பொது வாய்க்கால் கார்த்திகையில் நிரம்பி ஓடும்போது அதன் மட்டம் உங்கள் வடிகாலைவிட உயர்ந்தால், வெளியே போக வேண்டிய நீர் உள்ளே வரும். சென்ற ஆண்டு வெள்ளத்தின் கறை சுவரிலோ மரத்திலோ எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குமேல் இருக்கும்படி கரை போட்டு, கரைக்குள் 4 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்துவிட வேண்டும். வெளிநீர் ஏறும் நாளில் சாக்கு அடைத்து மூடலாம், இறங்கியதும் திறக்கலாம். இடமிருந்தால் தாழ்ந்த மூலையில் 6 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குட்டை ஒன்று. 3,000 லிட்டர் பிடிக்கும். மழை ஓய்ந்தபின் சில வாரங்களுக்குக் கீரைப் பாத்திக்கு அந்த நீர் ஆகும். கொசு வராமல் இருக்க மீன் குஞ்சு விட வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீடானால் சுற்றிலும் அடைப்பு இல்லாமல் குட்டை கூடாது.

சமையலறை நீரை விட்டு வளர்க்கும் வாழை வட்டம் இப்போது பரவலாகியிருக்கிறது. 3 அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக் குப்பை நிரப்பிச் சுற்றிலும் வாழை வைக்கும் அந்த முறை களிமண்ணில் ஐப்பசி முதல் துர்நாற்றக் குட்டையாகிவிடும். பள்ளத்தை ஓரடியோடு நிறுத்திக் குப்பையைத் தரைக்கு மேலே குவியுங்கள். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டின் வெளிச்சரிவில் வாழையை வையுங்கள். நிரம்பினால் வடிய ஒரு வாய் விடுங்கள். சலவைத்தூள் கலந்த நீரை ஒரே இடத்தில் தொடர்ந்து விடக்கூடாது. அதிலுள்ள சோடியம் களியை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். வாழை, கல்வாழை, தென்னை என்று மாற்றி மாற்றி விடலாம். கீரைக்கு வேண்டாம்.

மேலே சொன்னது களிநிலத்துக்கு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாய் பாயும் பகுதிகளில் செம்மண்ணும் மணற்பாங்கும் அதிகம். அங்கே மூன்றடிக் குழியும் புரட்டாசி நடவும் தவறில்லை; அங்கே தொல்லை கரையான். வேதாரண்யம் கரையோரத்தில் நிலைமை வேறு. மணலுக்கடியில் மழைநீர் மெல்லிய அடுக்காக உவர்நீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சினால் உவர் மேலே ஏறும். ஆழமில்லாத ஊற்றிலிருந்து சிறுகச் சிறுக எடுப்பதே முறை. உவர் தெரிகிற கொல்லையில் சப்போட்டா, தென்னை, பனை, நாவல், இலந்தை வரும். எலுமிச்சையும் பப்பாளியும் வராது.

அடுத்தது நிழல். நம் பகுதியில் ஆவணி இரண்டாம் வாரத்திலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மார்கழி உச்சிவேளையில் 40 அடி மரத்தின் நிழல் வடக்கே ஏறத்தாழ 27 அடி விழும். காய்கறிக்கு வெயில் மிகத் தேவைப்படும் காலமும் அதுதான். ஆகவே உயரமான மரங்கள் கொல்லையின் வடக்கிலும் மேற்கிலும், காய்கறி மேடு அவற்றுக்குத் தெற்கிலும் கிழக்கிலும். வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே போகும்போது அதே மரத்தின் நிழல் தெற்கே 9 அடிக்கு மேல் வராது, பயிர் கெடாது. மேற்குப்புற மரம் சித்திரைப் பிற்பகல் வெயிலையும் ஆடிக்காற்றையும் தடுக்கும். கொல்லை எந்தத் திசையில் நீண்டிருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே முதல் கன்றுக்கு இடம் குறிக்க வேண்டும்.

21 குழிக் கொல்லைக்கு இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு பலா, இரண்டு கொய்யா, எலுமிச்சை ஒன்று, நார்த்தை ஒன்று, முருங்கை இரண்டு, கறிவேப்பிலை இரண்டு, பத்துப் பன்னிரண்டு வாழை, நான்கு பப்பாளி, பத்து அகத்தி போதும். இன்னும் வைக்க இடம் இருப்பதாகத் தோன்றும். தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும் என்பதை நினைத்தால் ஆசை அடங்கும். நெருக்கி வைத்த கொல்லை மூன்றாம் ஆண்டில் பச்சையாக இருக்கும், காய்க்காது. அகத்தியும் பப்பாளியும் குறுகிய ஆயுள் உள்ளவை. மா, கொய்யா விரியும் வரை அந்த இடத்தைக் காத்துக் கொடுத்துவிட்டு, மூன்று நான்கு ஆண்டில் வெட்டுப்பட்டு மண்ணுக்குத் தழையாகும். வேலிக்குக் கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கை. ஆடு நுழையும் பக்கம் ஆடாதொடையும் நொச்சியும், இவற்றை ஆடு கடிக்காது.

மேடு போடும் வேலை வைகாசி, ஆனியில் முடிந்திருக்க வேண்டும். கோடை மழை கிடைத்தபோது சென்ட்டுக்கு 250 கிராம் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதை தெளித்தவர்கள், 45 நாளில் பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து மேட்டிலேயே மடக்கிவிடலாம். தண்டு முற்றினால் மட்க நாளாகும். மடக்கிய உடனே விதைத்தால் விதையும் சேர்ந்து அழுகும். 10 முதல் 15 நாள் இடைவெளி வேண்டும். களியை இளக்க மணல் கொட்டுவது வீண் செலவு. கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகும். ரைஸ் மில்லில் கிடைக்கும் உமி, கரித்த உமி, மட்கிய எரு ஆகியவைதான் களியை உதிரச் செய்யும். பச்சை உமி மட்கும்போது தழைச்சத்தை இழுக்கும். எருவோடு கலந்தே போட வேண்டும்.

ஆடியில் கொடிக் காய்கள். பந்தலை மேட்டின் மேல் போடாமல் வடிகாலின் மேல் குறுக்கே 6 அடி உயரத்தில் போட்டால் மேட்டின் வெயில் வீணாகாது, காய் தொங்கும் இடத்துக்கு நடந்து போய்ப் பறிக்கலாம். மேட்டோரத்தில் 4 அடிக்கு ஒரு குழி, குழிக்கு நான்கு விதை, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் விட வேண்டும். பாகல், புடலை விதை தோல் கடினமானது; 12 மணி நேரம் ஊற வைக்கலாம். பந்தல் அவரையை ஆடியைத் தாண்டவிடக் கூடாது. நாட்டு அவரை பகல் குறுகும்போது பூக்கும் பயிர். ஆடியில் விதைத்தது கார்த்திகைக்குள் பந்தல் நிறையப் படர்ந்து பூக்கும். புரட்டாசியில் விதைத்தாலும் பூப்பது அதே சமயம்தான்; கொடி சிறிதாக இருப்பதால் காய் குறையும். கத்தரி, மிளகாய் நாற்றையும் ஆடியில் விட்டு, 30 முதல் 35 நாளில் மேட்டில் நட வேண்டும்.

கொடிக்காய்களின் பெரும் பகை பழ ஈ. பிஞ்சில் முட்டை வைத்துவிட்டால் எந்தக் கரைசலும் உள்ளே போகாது. குத்துப்பட்டு வளைந்த பிஞ்சையும் விழுந்த காயையும் தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். அப்படியே எருக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். வாசல் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் நனைத்த கருவாட்டுத் துண்டும் சோப்பு நீரும் வைத்துப் பந்தலில் தொங்கவிட்டால் ஈ விழும். கருவாட்டை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு 10 லிட்டருக்கு 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் ஊற வைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. அந்த ஆண்டு ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தியது வேண்டும்.

மரக்கன்றுக்கு ஏற்ற காலம் ஆடி, ஆவணி. கிணற்றில் நீர் ஊறியிருக்கும், மாலை இடிமழையும் அவ்வப்போது உண்டு. ஐப்பசிக்குள் மூன்று மாதம் வேர் ஓடிவிடும். பலா, மாவுக்கு ஓரடி மட்டும் மண்ணைக் கிளறிவிட்டு, அதன்மேல் 5 அடி குறுக்களவும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தனி மேடு எழுப்பி அதன் உச்சியில் நட வேண்டும். மேடு ஓர் ஆண்டில் அமுங்கும் என்பதால் அடுத்த ஆனியில் மறுபடி மண் அணைக்க வேண்டும். அணைக்கும்போது ஒட்டுக்கட்டிய இடம் புதையக் கூடாது. மண்ணுக்கு மேல் 4 அங்குலமாவது தெரிய வேண்டும். பையில் வேர் சுருண்ட கன்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

வாழையை ஆனிக் கடைசி, ஆடியில் வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆடியில் வைத்த பூவன் புயல் காலத்தில் நான்கு மாதக் குட்டையாக நிற்கும், மாசி, பங்குனியில் குலை தள்ளும். தையில் வைத்தது ஐப்பசியில் தாரோடு நின்று காற்றுக்கு ஒடியும். இலை ஒடுங்கிய ஈட்டிக்கன்று, ஒன்றரை முதல் 2 கிலோ எடை, கிழங்கைச் சீவி அழுகல் பார்த்து நட வேண்டும். தாய்மரம் குலை தள்ளும் வரை பக்கக்கன்றுகளை அறுத்து, அப்போது ஒன்றை மட்டும் விட வேண்டும். ரஸ்தாளிக்கு வாடல் நோய் எளிதில் வரும், பூவன் தாங்கும்.

தென்னையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடித்தண்டழுகல் நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். 1952 புயலுக்குப் பின் இங்கே பரவலாகக் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். கானோடெர்மா பூஞ்சை வேர்வழி ஏறித் தூரில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியச் செய்யும், அடிமட்டைகள் தொங்கும். சாறு வடிவதைக் கண்ட பிறகு மரத்தை மீட்பது கடினம். வராமல் காக்க மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும், எருவோடு கலந்த ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையும் இட வேண்டும். ஒரு மரத்தடி நீர் அடுத்த மரத்துக்குப் பாயும்படி விடக்கூடாது. தென்னைக்கு இடையே வாழை வைப்பது இந்த நோயைக் குறைக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே உள்ளது. வாழையும் தென்னையும் சேர்ந்து நின்ற பழைய கொல்லைகளை அந்த ஒரு காரணத்துக்காகவே மீட்டெடுக்கலாம்.

எருக்குழி விஷயத்தில் உணவுக்காடு ஆர்வலர்கள் கவனமாக இருக்க வேண்டும். காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது மட்கும் குப்பையில்தான். பெரிய குப்பைமேட்டை மாதக்கணக்கில் கிளறாமல் வைத்தால் உங்கள் தென்னைக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் நீங்களே வண்டு வளர்த்துக் கொடுக்கிறீர்கள். மாதம் ஒரு முறை புரட்டி, வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போட வேண்டும். மெட்டாரைசியம் பூஞ்சைத்தூளைக் குழியில் கலந்தால் புழு நோய்ப்பட்டுச் சாகும். மட்டை முக்கோணமாக வெட்டுப்பட்டு விரிந்தால் வண்டு குருத்தில் இருக்கிறது என்று பொருள். கம்பியால் எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் அளவில் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போட வேண்டும். சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டபின் இங்கும் பரவி, மட்டையில் கரும்பூஞ்சை படியச் செய்கிறது. இரசாயன மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் ஈயைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிதான் முதலில் சாகும். அந்தக் குளவி தங்கிப் பெருகக் கல்வாழையும் சீத்தாவும் கொல்லையில் இருக்கட்டும்.

புரட்டாசி முதல் பாதி, ஆண்டிலேயே வேலை மிகுந்த நாட்கள். முருங்கையை 3 அடிக்கு வெட்டி, வெட்டு வாயைச் சரிவாக விட்டு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், ஒரு லிட்டர் நீரில் குழைத்த போர்டோ பசையைத் தடவ வேண்டும். ஐப்பசிக்குத் தள்ளிப்போட்டால் வெட்டில் நீர் இறங்கித் தண்டு அழுகும். அகத்தி நுனியை ஒடித்து, பலா, மாவின் உள்கிளைகளைக் கழித்துக் காற்றுப் போக வழி செய்ய வேண்டும். தென்னையில் முற்றிய காய், காய்ந்த மட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். வாழைக்குச் சவுக்குக் கம்பு ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. புயல் கடக்கையில் காற்று ஒரு திசையில் தொடங்கி வேறு திசைக்குத் திரும்பும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பகுதிகளில் பார்த்தோம். கம்பு இரண்டு பக்கமும் வேண்டும். வைக்கோல் மூடாக்கை மேட்டிலிருந்து அள்ளி ஒரு மூலையில் குவித்துவிடுங்கள். கோடையில் காக்கும் மூடாக்கு அடைமழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தூரை அழுகச் செய்யும், நத்தையும் சேரும்.

மழை தொடங்கியபின் களி மேட்டில் கால் வைக்காமல் இருப்பதே பெரிய உதவி. ஈரக் களியை மிதித்தால் அந்த இடம் ஆண்டு முழுவதும் இறுகியே கிடக்கும். வடிகாலில் இலை அடைக்காமல் பார்த்துக்கொண்டு, நடைவழியில் நின்றே பறிக்க வேண்டும். முளைக்கீரை விதைத்தால் மழை அடித்துச் சாய்க்கும். தவசிக்கீரை, கொடிப்பசலை, வடிகால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேம்பு இவை மழைக்காலக் கீரைக்கும் கிழங்குக்கும் போதும். முருங்கைத் தண்டில் கம்பளிப்புழு கூட்டமாக ஒட்டியிருப்பதைக் காலையில் பார்த்தவுடன் சோப்பு நீர் தெளித்துத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடலாம். மேலே ஏறிப் பிரிந்தபின் இலை மிஞ்சாது. நீர் வடிந்த பிறகு இலை மஞ்சளானால் உடனே உரம் போட வேண்டாம். அடி இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேர்மூச்சுத் திணறல், மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் தேறும். எலுமிச்சையில் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை, டெல்டா மண்ணில் பரவலாக உள்ளது. லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட் கரைத்துத் தளிர் இலையில் தெளித்தால் சரியாகும்.

தையில் சம்பா அறுவடையானதும் வயல் எலி கொல்லைக்கு வரும். சேனையையும் மரவள்ளியையும் அதற்குள் தோண்டிவிடுவது நல்லது. நம் பகுதிக்கே உரிய தஞ்சாவூர்க் கிட்டியை (மூங்கில் எலிப்பொறியை) வளை வாயில் வைக்கலாம். விஷம் வைத்தால் எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் மாதமும் இதுதான். தூரிலிருந்து அரையடி தள்ளி 4 அங்குலக் கனத்துக்கு மூடாக்குப் போட்டுவிட்டால் பங்குனி வெடிப்பு பாதியாகக் குறையும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்ட பிறகு கொல்லைக்குக் கைநீர்தான். அடியில் சிறு துளையிட்ட 10 லிட்டர் மண்பானையை இளங்கன்றின் அருகே புதைத்துத் திரி போட்டு வைத்தால் வெடிப்பு வழியே நீர் வீணாகாது. மாசியில் வடிகாலின் அடியில் படிந்த வண்டலை வழித்து மேட்டில் போட வேண்டும், அது அந்த ஆண்டின் இலவச எரு.

இந்த முறையில் வந்த கொல்லையில் முதலாண்டு கீரையும் கொடிக்காயும், இரண்டாமாண்டு வாழை, பப்பாளி, முருங்கை, மூன்று நான்காம் ஆண்டில் கொய்யா, எலுமிச்சை, அதன் பிறகு மா. முதலாண்டில் மரத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். கனமழை நின்று 24 மணி நேரத்தில் மேட்டில் நீர் தேங்காமல் வடிந்ததா என்பதே பார்க்க வேண்டிய முன்னேற்றம்.

இதில் அரசும் ஊராட்சிகளும் செய்ய வேண்டியவை உண்டு. இலவசக் கன்றுகளைப் பருவமழை தொடங்கும்போது கொடுப்பது மற்ற மாவட்டங்களுக்குச் சரி. டெல்டாவின் களிப்பகுதிக்கு ஆடியிலேயே கொடுக்க வேண்டும். தூர்வாரும் பணி ஆறுகளோடும் பெரிய வாய்க்கால்களோடும் நின்றுவிடுகிறது. வீடுகளின் கொல்லைக்கோடியில் ஓடிய சின்ன வடிகால்கள் பல ஊர்களில் சுவராலும் கட்டடக் கழிவாலும் அடைபட்டுக் கிடக்கின்றன. கொல்லைக்கோடி வடிகால் அடைபட்டால் வரிசையில் உள்ள அத்தனை கொல்லையும் மூழ்கும். தனி ஒருவர் மேடு போட்டுப் பயனில்லை. ஊராட்சிகள் புரட்டாசிக்கு முன் இவற்றையும் கணக்கெடுத்துத் தூர்வார வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் என்று அறிவுரை சொல்லும் நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. களி, மணற்சாரி, கரையோரம் என்ற மூன்று மண்ணுக்கும் தமிழ் மாதப்படி தனித்தனி வீட்டுத்தோட்ட நாட்காட்டி தயாரித்துத் தருமாறு அவர்களைக் கேட்டு, தங்கள் நாளிதழ் அதை வெளியிட வேண்டுகிறேன். ஆவணிக்குள் வந்துவிட்டால் இந்த ஆண்டு நடவுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.